டொரத்தியின் அரை மணி

டொரத்தி மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. 1910இல் மலாயாவில், சிகாமட் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் பிறந்து அழுத அழுகையில், மெயில் வண்டி முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்களாம். இதைச் சொன்னவர் அவளுடைய அப்பா மரியநாதன். ரயில் நிலையத்தில் சிக்னல் பார்ப்பவர், எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் ஊரில் யாரும் அவரை மறுத்ததில்லை.

மலாக்காவில் சித்தி வீட்டில் தங்கிக் கான்வென்ட்டில் படித்தாள். அங்கே கன்னியாஸ்திரிகள் அந்தக் குரலை அடக்கிப் பார்த்தார்கள். பெண்பிள்ளை பேசுவது பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டால் போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். டொரத்தி நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டுவாள். அடுத்த நிமிஷம் அவள் சிரிப்பது வாசல் கேட் வரைக்கும் கேட்கும். கடைசியில் அவர்களும் அலுத்துப்போய், மாதா கோவில் பாடகர் குழுவின் பின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். லத்தீன் பாட்டெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. கச்சேரி என்ற ஒன்றை மட்டும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் பின்னால் ஒரு பெரிய வம்பு வந்தது. அதற்கு வருகிறேன்.

1926 கடைசியில் வெள்ளம் வந்தபோது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். தந்திக் கம்பிகள் அறுந்து விழுந்துவிட்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். படகு எந்தப் பக்கம் வருகிறது, எங்கே வந்து நிற்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பதினாறு வயது டொரத்தி யாரையும் கேட்கவில்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தின் உச்சிக்கு ஏறிப்போய், தண்ணீருக்கு மேலே குரல் கொடுத்தாள். "கோவில் மேட்டுக்கு வாங்க! படகு அங்கதான் வருது!" அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார்கள். அன்று முழுக்க அவள் கத்தினாள், படகுகள் போய் வந்தன. அதன் பிறகு தோட்டத்து ஜனங்களுக்கு அவள் மரியநாதன் மகள் இல்லை, வெள்ளத்தில் கத்தின பொண்ணு.

அப்படிப்பட்டவளுக்குத் தபால் ஆபீஸ் டெலிபோன் பலகையில் வேலை கிடைத்தது பொருத்தம்தான். டொரத்தி பேசினால் கம்பி எதற்கு என்று ஊரில் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த டெலிபோனில் அவள் குரலைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் தபால் ஆபீஸ் கவுண்டருக்கே வந்து நின்றார் ஹாலம் துரை. டவுனுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் மேனேஜர். வயர்லெஸ் பைத்தியம். பாட்டைக் காற்றில் அனுப்புகிற இயந்திரத்தைத் தன் கையாலேயே பூட்டி, அரசாங்க அனுமதியும் வாங்கி, ஊரின் நாலு பெரிய மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு சங்கம் ஒன்று வைத்திருந்தார். ரயில்வே கிளப்பின் பின் அறைதான் நிலையம். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கோணிச் சாக்கும் கம்பளியும் தொங்கும். வெளியே இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே கம்பி ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் கிராமபோன் குழாய்க்கு முன்னால் மைக்கை வைத்து ரிக்கார்டு போடுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வரைக்கும் பாட்டு கேட்கும். மழை வந்தால் மழைதான் கேட்கும்.

தோட்டத்துத் துரைமார்களைப் போல ஹாலம் துரைக்கும் தமிழ் வரும். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

"நீ நல்லா பேசுறான். நம்ம ரேடியோவுக்கு வரான்?" என்று கேட்டார்.

"வரான்," என்றாள் டொரத்தி, முகத்தை மாற்றாமல்.

முதலில் இங்கிலீஷிலும் மலாயிலும் அறிவிப்பு சொன்னாள். ரிக்கார்டுக்கு ரிக்கார்டு ஊசி மாற்றவும், இயந்திரத்தை முடுக்கவும் அணைக்கவும் கற்றுக்கொண்டாள். எல்லாம் கைக்கு வந்ததும், ஊரில் இத்தனை தமிழர்கள் இருக்கும்போது தமிழுக்கு ஏன் நேரம் இல்லை என்று கேட்டாள். துரை யோசித்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு, இங்கிலீஷ் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அரை மணி தருவதாகவும், மூன்று மாதம் பார்க்கலாம் என்றும் சொன்னார். இது 1934இல்.

அந்த அரை மணியின் மேல் அவளுக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்வது. டெலிபோன் பலகையில் அவள் குரல் அடுத்தவர் பேச்சுக்கு வழிவிடத்தான் இருந்தது. இங்கேதான் அது அவளுக்கே சொந்தமாக இருந்தது. சனிக்கிழமைக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். "வணக்கம், சிகாமட் தமிழ் அரை மணி" என்று சொல்லும்போது உடம்பு சிலிர்க்கும் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

ரிக்கார்டுகளைக் கொடுத்தது லெட்சுமணன். ஸ்டேஷனுக்கு எதிர் ரோட்டில், ஊர்ப் பேச்சில் சடக்கில், மளிகைக் கடை வைத்திருந்தவர், பாட்டென்றால் உயிரை விடுகிறவர். சிங்கப்பூருக்குச் சரக்கெடுக்கப் போனால் மிளகாயை மறந்தாலும் மறப்பார், ரிக்கார்டை மறக்க மாட்டார். தமிழரில் டவுனுக்குள் ரேடியோ பெட்டி வைத்திருந்ததும் அவர் ஒருவர்தான். பேட்டரியில் ஓடுகிற பெட்டி. பேட்டரி தீர்ந்தால் ரப்பர் ஆலைக்கு மாட்டு வண்டியில் அனுப்பித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். அதனால் வேண்டிய பாட்டு முடிந்ததோ இல்லையோ, அவர் கை தானாகப் போய்ப் பெட்டியை அணைத்துவிடும். சனிக்கிழமை அவர் கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அந்த அஞ்சடியில், டவுன் ஆட்களும், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற செல்லம் போன்ற தோட்டத்து ஆட்களும் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்று மாதம் முடிகிற நேரத்தில் சங்கத்தில் பேச்சு கிளம்பியது. டாக்டர் துரையின் மனைவிக்கு ஐந்தரைக்கே நடனப் பாட்டு வேண்டுமாம். தமிழர்களிடம் ரேடியோ பெட்டியே இல்லாதபோது யாருக்காக இந்தப் பாட்டு என்று அந்த அம்மாள் கேட்டார். ஹாலம் துரை இதை டொரத்தியிடம் வந்து சொன்னபோது அவளுக்குச் சுர்ரென்று வந்தது. கோபம் வந்தால் அவள் துரையிடம் இங்கிலீஷுக்குப் போய்விடுவாள்.

"பெட்டி இல்லை என்றால் காது இல்லை என்று அர்த்தமா? இந்தச் சனிக்கிழமை நீங்கள் இங்கே இருக்க வேண்டாம், இயந்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். லெட்சுமணன் கடையில் போய் உட்காருங்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்லுங்கள்."

துரை நியாயஸ்தர்தான். சரி என்றார். அவர் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முடிவு என்று சங்கமும் ஒத்துக்கொண்டது. செய்தி காட்டுத் தீயாய்ப் பரவியது. இந்தச் சனிக்கிழமையோடு தமிழ்ப் பாட்டு இருக்குமா போகுமா என்று லயத்துக்கு லயம் இதே பேச்சு.

டொரத்திக்குத் துளி பயம் இல்லை. ஜனங்கள் வருவார்கள், அது தெரியும். துரை அசந்துபோகும்படி எந்தப் பாட்டை முதலில் போடுவது என்பதுதான் அவள் யோசனை. அதற்கும் அவளிடம் ஒரு விடை இருந்தது.

தோட்டத்தில் சம்பளம் போடுகிற நாட்களில் லெட்சுமணன் கடை வாசலில் கிராமபோனை வைத்துப் பாட்டுப் போடுவார். டொரத்தி வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். அவள் வருகிற நேரத்துக்கு எப்போதும் ஒரே பாட்டுதான் ஓடும். அந்தப் பாட்டுக்கு மட்டும் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வெற்றிலை போட்டிருப்பவர்கள்கூட வாயைத் துடைத்துக்கொள்வார்கள். தெலுங்கோ என்னவோ, வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. ஆனால் மரியாதை புரிந்தது. பூசைக்குச் சாமியார் பீடத்துக்கு வரும்போது மாதா கோவிலில் எல்லாரும் எழுந்து நிற்பதில்லையா? கவர்னர் வந்து இறங்கினால் பேண்டு முழங்க எல்லாரும் எழுந்து நிற்பதில்லையா? பெரிய காரியம் எதுவும் ஜனங்கள் எழுந்து நிற்கத்தான் தொடங்கும். ஆகவே அந்தப் பாட்டைத்தான் முதலில் போட வேண்டும். எடுத்த எடுப்பில் அஞ்சடி முழுக்க எழுந்து நிற்பதைத் துரை பார்க்க வேண்டும்.

உங்களுக்கு இந்நேரம் விபரீதம் புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கடை சாத்துகிற நேரம் மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் லெட்சுமணன் ரிக்கார்டுப் பெட்டியைக் கிளப்புக்கு அனுப்பியிருந்தார். முக்கியமான நாள் என்று அவரே வரிசைப்படி அடுக்கி, அவள் கேட்டிருந்த, இதுவரை அனுப்பாத அந்தப் பாட்டை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றி எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தார். எதற்காக அடியில் என்று அவர் சொல்லவில்லை. தமிழ்ப் பெண்ணுக்கு இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார். டொரத்தியும் கேட்கவில்லை. இத்தனை நல்ல ரிக்கார்டைக் கீழே போட்டு அழுத்தியிருக்கிறாரே என்று செல்லமாகத் திட்டிக்கொண்டு, அதை எடுத்து மேலே வைத்தாள்.

ஐந்தரைக்கு இயந்திரத்தை முடுக்கினாள். வணக்கம் சொன்னாள். புது ஊசி போட்டு, மஞ்சள் துணியைப் பிரித்து, ரிக்கார்டைச் சுழலவிட்டாள். பாட்டு குழாயிலிருந்து கம்பீரமாக எழுந்தது. கடை வாசலில் எல்லாரும் எழுந்து நிற்பதையும், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்த துரை வாயைப் பிளப்பதையும் நினைத்து அவள் அறைக்குள்ளேயே நின்று சிரித்துக்கொண்டாள். அது முடிந்து அடுத்த பாட்டு. அதற்கு அடுத்தது. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஹாலம் துரை கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

அவள் மைக்கை மூடினாள். "ஏன் துரை, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"டொரத்தி, நான் என்னா சொல்றது," என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "ஆளு நெறைய வந்தான். அஞ்சடி பத்தல. நீ பாட்டுப் போட்டான். எல்லாம் எந்திரிச்சான். எல்லாம் வீட்டுக்குப் போய்ட்டான். மொதப் பாட்டுக்கே, ஒரு ஆளு இல்ல. கடைக்காரன் பெட்டிய மூடிட்டான்."

டொரத்தி லேசில் அழுகிறவள் இல்லை. வெள்ளத்திலேயே அழாதவள். இப்போது கண் முட்டிக்கொண்டு வந்தது. இவர்களுக்காகத்தானே துரையிடம் சண்டை போட்டோம், இவர்களை நம்பித்தானே சவால் விட்டோம், ஒரு பாட்டுக்குக்கூட உட்காராமல் இப்படிக் கழுத்தறுத்துவிட்டார்களே என்று மனம் கொதித்தது. துரை பக்கம் திரும்பாமல் ரிக்கார்டுகளை உறைக்குள் போட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து லெட்சுமணன் வந்தார். தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்று, அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப மரியாதையா முடிச்சீங்க டொரத்தியம்மா. கெஞ்சல, பொலம்பல. எடுத்ததும் மங்களத்தப் போட்டு, இத்தோட சரின்னு கௌரவமா சொல்லிட்டீங்க. துரை நிப்பாட்டிட்டாருன்னு எல்லாருக்கும் வெளங்கிருச்சு. கும்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. பால்வெட்டுச் செல்லம்தான் பாவம், அழுதுக்கிட்டே போச்சு."

"நான் எதை அண்ணே முடிச்சேன்?" என்றாள் டொரத்தி. "இப்பத்தானே ஆரம்பிச்சேன்!"

"மங்களம் போட்டீங்களேம்மா?"

"அந்தப் பாட்டுக்குத்தானே எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க? நான் பாத்திருக்கேனே! அதான் முதல்ல போட்டேன்."

லெட்சுமணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாக்! அது எந்திரிச்சுப் போறதுக்கும்மா! கச்சேரி முடிஞ்சா மங்களம் பாடுவாங்க, ஜனங்க வீட்டுக்குப் போவாங்க. கடைய சாத்தணும்னா நான் அதத்தான் போடுவேன். பாயச் சுருட்டச் சொல்லிட்டு, ஏன் உக்காரலன்னு கேட்டா எப்படி?"

டொரத்திக்கு வெட்கம், கோபம், சிரிப்பு மூன்றும் ஒன்றாக வந்தன. மறு நிமிஷம் நிமிர்ந்து துரையைப் பார்த்தாள். அழுகை போன இடம் தெரியவில்லை.

"கேட்டீங்களா துரை? அவங்க கேக்காமப் போகல. கேட்டதனாலதான் போனாங்க. கேக்காத ஜனங்க அத்தனை பேரும் ஒரே பாட்டுக்கு ஒண்ணா எப்படி எந்திரிப்பாங்க? தப்பு என்னோடது. அரை மணி இன்னும் முடியல."

துரை தாடையைச் சொறிந்தார். அவருக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் சங்கத்துக்கு அவர் என்ன சொல்வது? காலியான அஞ்சடியைத்தானே கண்ணால் பார்த்தார்? "சரி, மைக்ல சொல்லு," என்றார். "திரும்பி வரச் சொல்லு."

டொரத்தி மைக்கைத் திறந்தாள். வாயையும் திறந்தாள். அப்படியே மூடினாள். யாருக்குச் சொல்வது? லெட்சுமணன் பெட்டியை அணைத்தாயிற்று. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணிமார் வீட்டில் இருக்கிற ஒன்றிரண்டு பெட்டிகளையும் இதே மங்களம் அணைத்திருக்கும். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் சடக்கில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் சிகாமட்டில் அவளைக் கேட்பதற்கு டாக்டர் துரையின் மனைவி ஒருத்திதான் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்திருப்பாள்.

டொரத்தி மைக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள். ஓடுகிற பெண்ணைக் கண்டு பிளாட்பாரத்தில் நின்ற அப்பா மரியநாதன், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. மேம்பாலத்துப் படிகளில் ஏறினாள். உச்சியில் நின்று பார்த்தபோது, சாயங்கால வெயிலில் சடக்கு முழுக்கத் தெரிந்தது. வெள்ளைத் துண்டுகளும் கண்டாங்கிச் சேலைகளுமாக ஜனங்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்கள் ஆற்றுப் பாலத்தைத் தொட்டுவிட்டார்கள்.

கம்பிப் பிடியைப் பிடித்துக்கொண்டு, கன்னியாஸ்திரிகள் அடக்கப் பார்த்த அந்தக் குரலை எடுத்து வீசினாள்.

"முடியல! பாட்டு இன்னும் முடியல! திரும்பி வாங்க!"

கடைசியில் போனவர்கள் நின்றார்கள். வெள்ளத்தில் கேட்ட குரல், மறக்குமா? ஆனால் பாலத்துப் பக்கம் போனவர்களுக்கு எட்டவில்லை. நடுவில் போய்க்கொண்டிருந்த செல்லம் திரும்பிப் பார்த்தாள். வயதில் மூத்தவள், பால்வெட்டில் கெட்டிக்காரி. டொரத்தி கைகளை வீசுவதைக் கண்டாள். என்ன புரிந்ததோ, உள்ளங்கையை வாய்க்குக் குவித்து, முன்னால் போகிறவர்களைப் பார்த்து "ஊஊஓய்!" என்று நீளமாக ஒரு கூவல் கொடுத்தாள். இருட்டுப் பால்காட்டில் ரப்பர் மர நிரைக்கு நிரை ஆளைக் கூப்பிடுகிற கூவல் அது. கேட்டவர் அதை அடுத்த ஆளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். வேலைக்காட்டுப் பழக்கம், உடம்பில் ஊறியது. ஒருத்தி வாங்கி அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அவளிடமிருந்து ஒரு ஆண் குரல் வாங்கியது. கூவல் சடக்கின் மேலேயே ஓடி ஆற்றுப் பாலத்தை எட்டியது. பாலத்தில் போனவர்களும் நின்றார்கள், திரும்பினார்கள்.

பின்னாலேயே படியேறி வந்த ஹாலம் துரை மூச்சு வாங்க அவள் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தார். தன் இயந்திரம் போகாத இடத்துக்கு இந்தச் சத்தம் போனதில் அவருக்குப் பொறாமைகூட வந்திருக்கலாம்.

"இப்போ ஓடு," என்றார். "மைக் சும்மா கெடக்குது. நான் கடைக்குப் போறான்."

"ஆறு மணிக்கு உங்க நடனப் பாட்டு இருக்கே துரை?"

"நிக்கட்டும்."

லெட்சுமணன் அதற்குள் கடைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்துவிட்டார். டொரத்தி அன்று முதலில் மன்னிப்புக் கேட்டாள். "எங்க மாதா கோவில்ல பூசை ஆரம்பிக்கறப்ப எந்திரிச்சு நிப்போம், அந்த நெனப்புல மங்களத்த முதல்ல போட்டுட்டேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். கடை வாசலில் எழுந்த சிரிப்பு கிளப் வரைக்கும் கேட்டது. எப்போதும் அவள் சிரிப்புதான் ஊருக்குக் கேட்கும். அன்று ஊர் சிரித்தது அவளுக்குக் கேட்டது. பிறகு லெட்சுமணன் அடுக்கிய வரிசைப்படியே போட்டாள். கடைசியில் மஞ்சள் துணி ரிக்கார்டு. அதற்கு அஞ்சடியே எழுந்து நின்றபோது, அரிசி மூட்டையிலிருந்து ஹாலம் துரையும் எழுந்தார் என்றும், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார் என்றும் செல்லம் பின்னால் வந்து சொன்னாள்.

"அரை மணி ஒனக்குத்தான்," என்றார் துரை திரும்பி வந்து.

"ஒரு மணி குடுங்க," என்றாள் டொரத்தி.

துரை அசந்துபோனார். தவறு செய்துவிட்டுக் கூலி கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் அரை மணியில்தான் நின்றது. ஆனால் லெட்சுமணன் பேட்டரியைத் தோட்டத்து ஆலையில் சும்மாவே சார்ஜ் ஏற்றித் தரும்படி அவள் பேசி முடித்துவிட்டாள். டாக்டர் துரையின் மனைவி அன்று காலியான காற்றை வெகு நேரம் கேட்டதாகப் பிறகு புகார் வந்தது. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் சனிக்கிழமை தவறாமல் நடந்தது அந்த அரை மணி. செல்லமே இரண்டு முறை வந்து மைக்குக்கு முன்னால் பாடினாள். கோணிச் சாக்குக்கு நடுவே நின்றால் மூச்சு முட்டுகிறதென்று மூன்றாம் முறை வர மறுத்துவிட்டாள். டொரத்திக்கு ரயில்வே கார்டு வாலண்டைனோடு கலியாணம் நிச்சயமானது. சனிக்கிழமை சாயங்காலம் தன்னை எதற்கும் கூப்பிடக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அந்த ஆளும் சம்மதித்தார். பின்னால் குளுவாங் பக்கம் குடிபோய், ஐலீன், பேட்ரிசியா என்று இரண்டு பெண்களைப் பெற்று, அவர்களையும் சத்தமாகவே வளர்த்தாள். அதெல்லாம் பிறகு.

1937இல் சிங்கப்பூரில் பெரிய நிலையம் வந்துவிட்டது. சிற்றூர்ச் சங்கங்கள் இனித் தேவையில்லை என்று ஹாலம் துரையின் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. இந்த முறை சண்டை போட ஆள் யாரும் எதிரில் இல்லை. கடைசிச் சனிக்கிழமை லெட்சுமணன் ரிக்கார்டுப் பெட்டியை வழக்கம்போல அடுக்கி அனுப்பினார். மஞ்சள் துணி அடியில் இருந்தது.

டொரத்தி வரிசைப்படி போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி ரிக்கார்டைக் கையில் எடுத்தாள், துணியைப் பிரித்தாள். துரை இயந்திரத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அவள் மறுபடியும் துணியைச் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மைக்குக்கு முன்னால் வந்து, "வணக்கம்" என்று மட்டும் சொன்னாள். துரை இயந்திரத்தை அணைத்தார்.

இருவரும் கடைப்பக்கம் நடந்து போனபோது அஞ்சடியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெட்டி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. பேட்டரிக்காக உயிரை விடுகிற லெட்சுமணன் அதை அணைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னா, வீட்டுக்குப் போகல?" என்று கேட்டார் துரை.

"மங்களம் போடலைங்களே துரை," என்றாள் செல்லம். "எப்படிப் போறது?"

எல்லாரும் டொரத்தியைப் பார்த்தார்கள். லெட்சுமணன்தான் கேட்டார். "எவ்வளவு நேரந்தாம்மா உக்காந்திருக்கிறது?"

"நான் போடற வரைக்கும்," என்றாள் டொரத்தி. "நான் போட மாட்டேன்."

சொல்லிவிட்டுச் செல்லத்துக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு செல்லம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அரிசி மூட்டையில் இடம் காட்டினார்கள், ஹாலம் துரையும் உட்கார்ந்தார். வார்த்தை தெரியாவிட்டாலும் டொரத்தியும் பாடினாள், தன் வழக்கப்படி சத்தமாக. பேட்டரி எப்போது தீர்ந்ததென்று யாரும் கவனிக்கவில்லை.